ஆடிக்கூழும் அயலும்

ஆடிப்பிறப்பினைப் பற்றி எழுதப்படும் கட்டுரைகளுக்கு நம்மிடையே ஒரு வாய்பாடு அமைந்துவிட்டது. முதலில் நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் சிறுவர் பாடல் நினைவுகூரப்படும். அடுத்து, ஆடி முதலாம் நாளில் வீட்டுக்கு வீடு கூழ் காய்ச்சிக் கொழுக்கட்டை அவித்து அயலவரோடு பகிர்ந்துண்ட பொற்காலம் வருணிக்கப்படும். 'அக்காலத்தில் ஊரே ஒரு குடும்பமாக வாழ்ந்தது' என்னும் வாக்கியம் தவறாது இடம்பெறும். ஈற்றில், இன்றைய தலைமுறையினர் யாவற்றையும் மறந்துவிட்டனர் என்ற பெருமூச்சோடு கட்டுரை நிறைவெய்தும். இவ்வாய்பாட்டின் ஒவ்வோர் அடியோடும் எமக்குப் பிணக்கில்லை. பாடல் நல்ல பாடல். கூழும் நல்ல கூழ். ஆனால், 'ஊரே ஒரு குடும்பம்' என்ற அந்த ஒரு வாக்கியம் பொய்யானது. ஆடிப்பிறப்புக்குப் புத்துயிரளிக்கப் புறப்பட்டிருப்போர் அப்பொய்யின்மீதே தமது பந்தலை இடுகின்றனர் என்பதனாலேயே இக்கட்டுரை எழுதப்படுகின்றது.

விழாவின் இயல்பினை முதற்கண் நோக்குவோம். யூலை மாத நடுப்பகுதியில், 16ஆம் அல்லது 17ஆம் திகதியில், ஆடி பிறக்கின்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் அது சோளகம் வீசும் காலம். நிலம் காய்ந்து, கிணற்று நீர் கீழிறங்கி, கிடுகு வேலிகள் காற்றில் படபடக்கும் கோடை. அந்நாளில் கோயிற் கொடியேற்றமோ தேரோ இல்லை. புரோகிதருக்கும் பெரிதாக வேலையில்லை. வீட்டு முற்றமும் அடுக்களையுமே விழாக்களங்கள். முதல்நாள் அரிசி ஊறவைத்து உரலிலிட்டு இடித்து அரிதட்டில் அரித்து மாவாக்குவர். பயறு வறுத்துக் கோது நீக்குவர். திருவலையில் தேங்காய் துருவிப் பால் பிழிவர். மாவிலே சிறு உருண்டைகள் பிடித்துக் கொதிநீரிலிட்டு, பயறும் தேங்காய்ச் சொட்டும் சேர்த்து, பனங்கட்டியைக் கரைத்து வடித்து ஊற்றி, பாலும் மிளகும் சீரகமும் ஏலமும் கூட்டி இறக்குவது ஆடிக்கூழ். பயறும் தேங்காய்ப்பூவும் பனங்கட்டியும் உள்ளே வைத்து விளிம்பைப் பல்லுப் பல்லாக மடித்து அவிப்பது கொழுக்கட்டை. பிள்ளையாருக்கு ஒரு படையல்; பின்னர் பலாவிலையைக் கோலி ஈர்க்குக் குத்தி அதிலே கூழ் வார்த்துக் குடித்தல். அயல் வீட்டிலும் இதே கூழ்தான் கொதித்துக்கொண்டிருக்கும் என்பதை நன்கறிந்திருந்தும், ஒரு செம்பிற் கூழும் ஒரு தட்டுவத்திற் கொழுக்கட்டையும் வேலிப்பொட்டினூடாக அங்குச் செல்லும். அங்கிருந்தும் அவ்வாறே வரும். ஒருவரிடமும் இல்லாததை ஒருவர் கொடுக்கவில்லை. தேவை கருதாத இக்கொடுக்கல் வாங்கலே இவ்விழாவின் உயிர்நிலை எனலாம். ஒருவர் கைப்பட ஆக்கியதை மற்றவர் வாயில் வைக்கத் தயங்கார் என்பதை ஆண்டுக்கொருமுறை வெளிப்படையாக அறிவிக்கும் செயல் அது.

இதனை விளங்கிக்கொள்ளாத சிலர், ஆடிப்பிறப்பினை உழவர் விழாவென விளக்கி எழுதுகின்றனர். ஆடிப்பட்டத்தில் விதைக்குமாறு கூறும் பழமொழியையும் ஆடிப்பெருக்கினையும் இதற்குச் சான்றாகக் காட்டுவதும் வழக்காகிவிட்டது. காவிரியிற் புதுப்புனல் பெருகும் நாட்டுக்குப் பொருந்தும் விளக்கம் அது. யாழ்ப்பாணத்திலே ஆறும் இல்லை, ஆடியிற் பெருக்கும் இல்லை. இங்கு நெல் வானம் பார்த்த பயிர். ஆவணி, புரட்டாதியில் விதைத்து, ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி வளர்த்து, தை, மாசியில் அறுவடை செய்வது. நெல்லின் விழா தைப்பொங்கல். ஆடியிலே வயல் வெறும் தரையாகக் கிடக்கும். தமிழகத்து நூல்களிலிருந்து விளக்கங்களை இறக்குமதி செய்வதில் நம்மவர்க்குள்ள ஆர்வம், தமது காலடி நிலத்தைக் குனிந்து பார்ப்பதில் இல்லை என்பதற்கு இதுவும் ஓர் எடுத்துக்காட்டு.

அங்ஙனமாயின் ஆடியில் யாழ்ப்பாணத்து மண் கொடுப்பது யாது? பனை. கோடை முழுவதும் குடாநாட்டின் செல்வம் வயலில் அன்று, பனையின் உச்சியிலேயே இருக்கின்றது. பாளைகள் சீவப்பட்டு, உட்புறம் சுண்ணாம்பு பூசிய முட்டிகளிற் கருப்பநீர் இறக்கப்பட்டு, அது பாகாகக் காய்ச்சப்பட்டு, ஓலைக் குட்டான்களில் வார்க்கப்பட்டுப் பனங்கட்டியாகின்றது. ஆடி பிறக்கும்போது அவ்வாண்டின் பனங்கட்டி வீடுகளிலே தூங்கும். கூழுக்கு நிறமும் சுவையும் மணமும் தருவது அதுவே. கூழ் குடிக்கும் பிளாவும், கொழுக்கட்டை வைக்கும் தட்டுவமும், மா அவிக்கும் நீற்றுப்பெட்டியும் பனையோலையே. ஆடிப்பிறப்பினைப் பனையின் விழாவென்று கூறினால் அது மிகையாகாது. இது எமது ஊகமேயாயினும், உழவர் விழாவென்னும் ஊகத்தைவிட இம்மண்ணோடு ஒட்டிய ஊகம்.

பனையின் விழாவாயின், அவ்விழாவின் நாயகன் யார் என்ற வினா உடனே எழுகின்றது. பனங்கட்டி தானாகக் கீழிறங்கி வரவில்லை. தளைநாரும் பாளைக்கத்தியும் முட்டியும் கொண்டு, ஒவ்வொரு மரத்திலும் காலையும் மாலையும் ஏறியிறங்கி, நெஞ்சு காய்த்துப்போன ஒருவன் அதனை இறக்கினான். அவனுடைய மனைவி அடுப்படியிலிருந்து அதனைக் காய்ச்சினாள். மரம் பெரும்பாலும் மற்றொருவனுடையது. வழுக்கி விழுந்து இடுப்பொடிந்தால் அது அவன் விதி. இவ்வளவு பாடுபட்டு அவன் ஆக்கிய பனங்கட்டி, ஆடிப்பிறப்பன்று உயர்சாதியார் வீட்டு அடுக்களைக்குள்ளே சென்றது. பிள்ளையார் முன்னே படைக்கப்பட்டது. வேலிப்பொட்டினூடாக அயலுக்கும் சென்றது. அவன் மட்டும் படலைக்கு வெளியே நின்றான். உள்ளே அழைக்கப்பட்டால் கோடிப்புறம் வரை வரலாம். கூழ் கிடைத்தால் சிரட்டையிலே கிடைக்கும். அவனுடைய வீட்டிற் காய்ச்சிய கூழ் ஒரு செம்பிலே மறுபக்கம் வந்ததாக எந்த நினைவுக் கட்டுரையிலாவது எவராவது எழுதியுள்ளனரா? எமது கண்ணிற்பட்ட எதிலும் இல்லை. அவன் காய்ச்சிய பனங்கட்டிக்குத் தீட்டில்லை. அதே கையாற் காய்ச்சிய கூழுக்குத் தீட்டு உண்டு. இம்முரண்பாட்டினை எந்த ஆகமமும் விளக்காது. நிலவுடைமைச் சமூகத்தின் வசதியே விளக்கும். உழைப்பின் பயனை வாங்கவேண்டும், உழைத்தவனை எட்டத்தில் வைக்கவும் வேண்டும் என்னும் ஏற்பாட்டுக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேடவேண்டியதில்லை.

ஆகவே 'அயல்' என்னும் சொல்லை நாம் சற்று எச்சரிக்கையோடு கையாளவேண்டும். ஆடிக்கூழின் அயல், நிலவமைப்பின்படி அமைந்த அயல் அன்று. இருபது யார் தூரத்திலிருந்த குடிசை அயலாகவில்லை. கால்மைலுக்கு அப்பாலிருந்த சகலன் வீடு அயலாயிற்று. வேலிப்பொட்டு எங்கே வைக்கப்பட்டது, எங்கே வைக்கப்படவில்லை என்பதைப் பார்த்தால் ஒரு குறிச்சியின் சாதி வரைபடத்தையே வரைந்துவிடலாம். எனது பாட்டியார் வாழ்ந்த வளவிலே மூன்று பக்க வேலிகளுக்குப் பொட்டு இருந்தது; நான்காம் பக்கத்திற்கு இருக்கவில்லை. ஏன் என்று கேட்கும் வயது எமக்கு வந்தபோது அவர் இல்லை.

புலவரின் பாடலிலே பனங்கட்டிக் கூழ் வருகின்றது. பனங்கட்டி எங்கிருந்து வந்தது என்பது வரவில்லை. அதனை அவர்மேற் குற்றமாகச் சாட்ட யாம் முன்வரோம். 1878 முதல் 1953 வரை வாழ்ந்த அப்பெருமகனார் பள்ளிப்பிள்ளைகள் விடுமுறையைக் கண்டு துள்ளும் மகிழ்ச்சியைப் பாட எடுத்துக்கொண்டார். அதனை ஈழத்தில் வேறெவரும் பாடாத அழகோடு பாடினார். சிறுவர் பாடலிற் சமூகவியல் தேடுவது அறிவுடைமையாகாது. குற்றம், அப்பாடலை வரலாற்று ஆவணமாகக் கொண்டு, அதிற் காணப்படும் வீட்டினை முழு யாழ்ப்பாணமாகக் காட்டும் நம் காலத்து வளர்ந்தோருடையது.

'அக்காலத்து வழக்கம் அப்படி; அதனை இக்காலத்து அளவுகோலால் அளத்தல் தகுமோ?' எனச் சிலர் வினவுவர். அக்காலத்தவர்களே அதனை அளந்தார்கள் என்பது இவர்கள் வசதியாக மறந்துவிடும் உண்மை. 1940களிலேயே சிறுபான்மைத் தமிழர் மகாசபை குரலெழுப்பிற்று. 1957இலே சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறிற்று. சட்டம் ஏட்டிலிருக்க, தேநீர்க்கடைகளில் ஒரு சாராருக்குக் கிளாசும் மற்றொரு சாராருக்குப் போத்தலும் தகரப்பேணியுமாக வழக்கம் நீடித்தது. 1966 ஒக்ரோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலமும், அதன்பின் ஊர் ஊராக நடைபெற்ற தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டங்களும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் நிகழ்ந்தவையும் அறியாதார் அறியவேண்டியவை. டானியலின் 'பஞ்சமர்' 1972இல் வெளிவந்தது. ஒரு கிளாசிலே தேநீர் குடிப்பதற்காக மனிதர் அடியுண்டும் வெட்டுண்டும் செத்தும் போன அதே ஆண்டுகளில், அதே ஊர்களில், ஆடி தவறாது பிறந்தது. கூழும் தவறாது காய்ச்சப்பட்டது. ஊரே ஒரு குடும்பமாக இருந்ததாகச் சொல்லப்படும் காலம் இதுதான்.

சட்டத்தினாலும் போராட்டத்தினாலும் தேநீர்க்கடை திறந்தது. கோயில்கள் பலவும் திறந்தன. அடுக்களைக்குச் சட்டம் செல்லாது. எவர் வீட்டிலிருந்து கூழ் வாங்கிக் குடிப்பது என்பதை எந்த நீதவானும் தீர்ப்பளிக்க முடியாது. அதனாலேயே ஆடிப்பிறப்பு எமக்கு முக்கியமாகின்றது. சட்டம் எட்டாத இடத்தில், மனிதர் தாமாக விரும்பிச் செய்யும் பரிமாற்றம் இது. சாதியின் கடைசி அரண் அடுக்களையும் மணவறையும் என்றால், அவ்வரணுக்குள்ளே ஆண்டுக்கொருமுறை நுழையும் வழியொன்று நம் மரபிலேயே இருக்கின்றது. அதனைப் பழங்கதை பேசி வீணடிப்பதை எவ்வாறு பொறுப்பது?

மறுபுறத்தில், ஆடிப்பிறப்பே மூடநம்பிக்கையெனத் தள்ளும் நண்பர் சிலரும் நம் வளாகங்களில் உளர். தட்சிணாயனம் தொடங்கும் நாளென்று பஞ்சாங்கம் சொல்ல, சூரியன் தெற்கு நோக்கித் திரும்புவதோ யூன் 21ஆந் திகதியளவிலேயே என அவர்கள் சுட்டுவது சரியே. அயனம் ஏறத்தாழ எழுபத்திரண்டு ஆண்டுகளுக்கு ஒருநாள் வீதம் பின்னகர, நம் பஞ்சாங்கம் நட்சத்திரங்களைப் பற்றிக்கொண்டு அங்கேயே நின்றதால் வந்த இடைவெளி அது. ஆனால், கூழை அயலுக்கு அனுப்பும் பெண் சூரியனின் சாய்வினை அளந்துவிட்டு அனுப்பவில்லை. வானியற் பிழையொன்றைக் காட்டிச் சமூக வழக்கமொன்றை வீழ்த்திவிட்டதாக மகிழ்வது சிறுபிள்ளைத்தனம். இவ்வழக்கத்தில் எதிர்க்கவேண்டியது வேறிடத்தில் இருக்க, இவர்கள் பஞ்சாங்கத்தோடு மல்லுக்கட்டுகின்றனர்.

இன்னொன்றும் சொல்லவேண்டியுள்ளது. 'குடும்பமாகக் கொண்டாடினோம்' என்ற நினைவுகளை எழுதுவோர் பெரும்பாலும் ஆண்கள். இடித்ததும் அரித்ததும் துருவியதும் விடியுமுன் அடுப்பு மூட்டியதும் பெண்கள். விடுமுறை பிள்ளைகளுக்கு; ஓய்வு ஆண்களுக்கு; அன்றைக்கு அவர்களுக்கு வழமையிலும் இரட்டிப்பு வேலை. அம்மாவின் கைப்பக்குவத்தைப் புகழும் கட்டுரையாளர், அம்மா எப்போது உட்கார்ந்து கூழ் குடித்தார் என்பதை நினைவிற் கொண்டுள்ளாரா?

நினைவேக்கத்தின் வேரினை யாம் அறியாதவரல்லேம். 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் வீடுவாசலைவிட்டு வெளியேறினர். 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் முழுவதுமே ஓரிரவிற் பெயர்ந்து தென்மராட்சிக்கும் அப்பாலும் சென்றது. அதற்கு முன்னதாக அவ்வாண்டு யூலை 9ஆந் திகதி, ஆடிப்பிறப்புக்கு ஒரு வாரமே இருக்கையில், புலவர் பிறந்த அதே நவாலியிலே சென். பீற்றர்ஸ் தேவாலயத்திற் புகலடைந்திருந்தோர்மீது குண்டுகள் வீசப்பட்டு நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அயலென்று ஒன்று இருந்த இடத்திற் பற்றை மண்டிய காணிகளும் கூரையில்லாச் சுவர்களும் எஞ்சின; பனைகள் காவலரண்களுக்காகவும் பதுங்குகுழிகளுக்காகவும் தறிக்கப்பட்டன. எல்லாவற்றையும் இழந்தவன் தான் இழந்தது பொற்காலமென்று நம்ப விரும்புவது இயற்கை. அவனைப் பழிக்க எவருக்கும் மனம் வராது. எனினும், அவ்விடப்பெயர்வு எல்லோரையும் சமமாக்கிவிட்டதென்று கூறுவோரிடம் ஒன்றை மட்டும் கேட்போம். உறவினர் வீடும் காணியும் வெளிநாட்டுப் பணமும் உள்ளோர் முகாம்களைவிட்டு வெளியேறிய பின்னர், 2009இல் போர் முடிந்து பல்லாண்டுகள் சென்ற பின்னரும், அங்குத் தொடர்ந்து வாழ நேர்ந்தோர் யார்? வேலிக்கப்பால் சிரட்டையிற் கூழ் வாங்கியவர்களின் பிள்ளைகளே அவர்களுட் பெரும்பாலோர். வேலிகள் எரிந்தபோதும் பொட்டில்லாத வேலி மட்டும் எரியவில்லை.

இந்நிலையிலேதான் மேடை ஆடிப்பிறப்பு தோன்றியுள்ளது. பாடசாலைகளும் அரச அலுவலகங்களும் மன்றங்களும் நம்மைப் போன்ற பல்கலைக்கழகச் சங்கங்களும் இப்போது ஆண்டுதோறும் இதனை நடத்துகின்றன. மங்கள விளக்கேற்றல், புலவர் படத்துக்கு மலர்மாலை, ஆசியுரை, தலைமையுரை, பாடல், நன்றியுரை. ஈற்றிலே கடதாசிக் கோப்பையிற் கூழ். கொழும்பின் மாடிக் குடியிருப்புகளிலும் ரொறன்ரோ, இலண்டன் மண்டபங்களிலும் வளரும் பிள்ளைகளுக்கு இதனால் ஒரு பயன் உண்டு. கூழின் சுவையாவது நாவிற் படிகின்றது. அதனை மறுக்க வேண்டியதில்லை. ஆனால், குடாநாட்டிலேயே, அயல் கண்முன்னே இருக்கும்போது, அயலைவிட்டு மண்டபத்துக்கு ஓடுவது ஏன்? எமக்குத் தோன்றும் விடை ஒன்றே. மண்டபத்தில் எவர் எவருடைய கையாலும் வாங்கவேண்டியதில்லை. கூழ் ஒப்பந்தக்காரரிடமிருந்து வருகின்றது. கோப்பை குப்பைக்குப் போகின்றது. கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்ற வினாவுக்கே இடமில்லை. பகிர்வின் தோற்றம் இருக்கின்றது. பகிர்வு கோரும் துணிவு தேவைப்படவில்லை. பழைய ஆடிப்பிறப்பு ஒரு பக்க வேலியில் மட்டும் பொட்டு வைக்கவில்லை. புதியது எந்த வேலியிலுமே பொட்டு வைக்கவில்லை. அதிலும் ஒரு வேடிக்கை: அக்கடதாசிக் கோப்பையில் இருப்பது பல வேளைகளிற் சீனிப்பாகு. பனை ஏறுவோர் அருகிவிட்டனர்; நல்ல பனங்கட்டி விலையுயர்ந்துவிட்டது. 1978இல் அமைந்த பனை அபிவிருத்திச் சபையும் கூட்டுறவுச் சங்கங்களும் இருந்தும், மரமேறியின் மகன் மரமேற விரும்பவில்லை. அவன் ஏன் விரும்பவேண்டும்? அத்தொழிலோடு ஒட்டியிருந்த இழிவினை நீக்காமல், தொழில் அழிகின்றதே என மேடையில் இரங்குவோருக்கு அவன் கடமைப்பட்டவனல்லன்.

'இனிப்பான ஒருநாளில் இக்கசப்பினை ஏன் கலக்கின்றீர்?' என எமது சங்கத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர் இக்கருத்துகளைக் கேட்டுவிட்டுக் கடிந்துகொண்டார். நாம் கலக்கவில்லை, பனங்கட்டியோடு அது ஏற்கெனவே கரைந்துதான் இருக்கின்றது. சங்கம் வருகின்ற ஆடியில் மண்டபத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் செலவிடும் பணத்தைப் பனங்கட்டிக்குச் செலவிடட்டும். சீவற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்திடம் நேரே சென்று, அவர்கள் சொல்லும் விலைக்குப் பேரம் பேசாது வாங்கட்டும். ஆண் மாணவர் அரிசி இடிக்கட்டும். கூழினை எடுத்துக்கொண்டு வளாகத்தின் சுற்றுமதிலுக்கு அப்பாலுள்ள எல்லாக் குறிச்சிகளுக்கும், எந்தக் குறிச்சியையும் விட்டுவிடாது, வீடுவீடாகச் செல்லட்டும். கொடுப்பதோடு நின்றுவிட்டால் அது தருமம், தருமம் வேண்டியதில்லை. ஒவ்வொரு வீட்டிலும் அவர்களுடைய கூழைக் கேட்டு வாங்கி, அவ்விடத்திலேயே, அவர்கள் தரும் பாத்திரத்திலேயே குடிக்கவேண்டும். எத்தனை மாணவர் வருவர், எத்தனை விரிவுரையாளர் வருவர், எந்தப் படலையில் எவருடைய கால்கள் தயங்கும் என்பதை அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.